ரெசொலூட் – கிரீஸ் ஃபியோர்டு: வான்வழித் தூரமும் பறக்கும் நேரமும்

கனடாவின் வடகோடியில் உள்ள நூனவுட் ஆட்சிப்பகுதியில் ரெசொலூட், கிரீஸ் ஃபியோர்டு என இரண்டு சிற்றூர்கள் உள்ளன. இவ்விரு ஊர்களின் விமான நிலையங்களுக்கு இடையே உள்ள நேர்கோட்டுத் தூரம் சுமார் 385 கிலோமீட்டர். இது ஏறத்தாழ 239 மைல், அல்லது 208 கடல் மைல் ஆகும். இப்பாதையில் பறக்கும் சிறிய விமானத்திற்குக் காற்றில்லாத நாளில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தேவைப்படுகிறது. இரு ஊர்களையும் இணைக்கும் சாலையோ இரயில் பாதையோ கிடையாது.

இத்தூரம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது, பறக்கும் நேரம் எவற்றைப் பொறுத்து மாறுகிறது, இத்தூரத்துக்கு அங்கு வாழும் மக்களின் வாழ்வில் என்ன பொருள் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இரு ஊர்கள்

ரெசொலூட் கார்ன்வாலிஸ் தீவின் தென்கரையில் அமைந்துள்ளது. 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 183 பேர் வாழ்ந்தனர். காணாமற்போன பிராங்க்ளின் பயணக்குழுவைத் தேடி 19ஆம் நூற்றாண்டில் வந்த பிரித்தானியக் கப்பலின் பெயரே ஊருக்கு வைக்கப்பட்டது. இனுயிட் மொழியில் இவ்வூரின் பெயர் 'கௌசுயிட்டுக்'. 'விடியல் இல்லாத இடம்' என்பது அதன் பொருள். 1947இல் இங்கு வானிலை நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அதையொட்டி விமானத்தளமும் வளர்ந்தது.

கிரீஸ் ஃபியோர்டு எல்ஸ்மியர் தீவின் தென்கரையில், ஜோன்ஸ் நீரிணையை நோக்கி அமைந்துள்ளது. 2021இல் இதன் மக்கள்தொகை 144. பொதுமக்கள் நிலையாக வாழும் கனடிய ஊர்களுள் இதுவே வடகோடியில் உள்ளது. இதற்கும் வடக்கே உள்ள அலெர்ட், யுரேகா ஆகியவை படையினரும் ஆய்வாளர்களும் முறைவைத்துப் பணியாற்றும் நிலையங்கள் மட்டுமே. பெயரில் உள்ள 'கிரீஸ்' ஐரோப்பிய நாட்டைக் குறிப்பதன்று. அது பன்றியைக் குறிக்கும் நார்வேச் சொல். 1898 முதல் 1902 வரை இப்பகுதியை ஆராய்ந்த நார்வே நாட்டவர் ஒட்டோ ஸ்வெர்ட்ரப், இங்கிருந்த வால்ரஸ்களின் உறுமல் பன்றியின் உறுமலைப் போல ஒலித்ததால் இப்பெயரை இட்டார் என்பர். இனுயிட் மொழியில் ஊரின் பெயர் 'அவுயுயிட்டுக்', அதாவது 'ஒருபோதும் உருகாத இடம்'.

அடிப்படைத் தகவல்கள்

ரெசொலூட் விமான நிலையம்: வடக்கு அட்சரேகை 74° 43′, மேற்குத் தீர்க்கரேகை 94° 58′
கிரீஸ் ஃபியோர்டு விமான நிலையம்: வடக்கு அட்சரேகை 76° 26′, மேற்குத் தீர்க்கரேகை 82° 55′
அட்சரேகை வேறுபாடு: 1° 43′ (1.72 பாகை)
தீர்க்கரேகை வேறுபாடு: 12° 03′ (12.05 பாகை)
நேர்கோட்டுத் தூரம்: சுமார் 385 கி.மீ.
பறக்கும் நேரம்: சுமார் 1 மணி 30 நிமிடம்

தூரத்தைக் கணக்கிடும் முறை

புவி உருண்டை வடிவமானது. ஆகவே புவிப்பரப்பில் இரு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி ஒரு வட்டத்தின் வில்லாக அமையும். இதனைப் 'பெருவட்டப் பாதை' என்பர். வகுப்பறையில் உள்ள பூகோள உருண்டையின் மீது இரு புள்ளிகளுக்கிடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அந்த நூல் கிடக்கும் வழியே பெருவட்டப் பாதை. விமான நிலையங்களுக்கிடையேயான தூரம் என்று இணையக் கணிப்பான்கள் காட்டுவது இந்த நூலின் நீளத்தையே.

துல்லியமான கணக்குக்குக் கோள முக்கோணவியல் வேண்டும். இத்தகைய குறைந்த தூரத்துக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவர் அறிந்த பிதாகரஸ் தேற்றமே போதும். அதனைப் படிப்படியாகச் செய்து பார்ப்போம்.

முதற்படி: வடக்கு–தெற்குத் தூரம். அட்சரேகையில் ஒரு பாகை என்பது எங்கும் ஏறத்தாழ 111 கி.மீ. எனவே 1.72 × 111 = 191 கி.மீ.

இரண்டாம் படி: கிழக்கு–மேற்குத் தூரம். இங்குதான் கவனம் தேவை. தீர்க்கரேகைகள் எல்லாம் துருவத்தில் ஒன்றுகூடுபவை. நிலநடுக்கோட்டில் இரு தீர்க்கரேகைகளுக்கிடையே ஒரு பாகைக்கு 111 கி.மீ. இடைவெளி உண்டு. வடக்கே செல்லச் செல்ல அந்த இடைவெளி அட்சரேகையின் கோசைன் மதிப்புக்கேற்பக் குறையும். நம் இரு ஊர்களின் நடு அட்சரேகை சுமார் 75.6 பாகை. அதன் கோசைன் மதிப்பு 0.249. ஆகவே இங்கு ஒரு பாகைத் தீர்க்கரேகையின் அகலம் ஏறத்தாழ 27.7 கி.மீ. மட்டுமே. எனவே 12.05 × 27.7 = 334 கி.மீ.

மூன்றாம் படி: இவ்விரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள். 191இன் வர்க்கம் 36,481. 334இன் வர்க்கம் 111,556. கூட்டினால் 148,037. இதன் வர்க்கமூலம் சுமார் 385. கோள முக்கோணவியல் முறையில் கிடைக்கும் விடையும் இதிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்கு மேல் வேறுபடாது.

இரண்டாம் படியில் கோசைனால் பெருக்க மறந்தால் என்ன ஆகும்? கிழக்கு–மேற்குத் தூரம் 1,338 கி.மீ. என்று வரும். முழுத் தூரம் 1,350 கி.மீ.க்கு மேல் போய்விடும். உண்மைத் தூரத்தைப் போல இது மூன்றரை மடங்கு.

உலகப்படம் காட்டும் தூரம்

சுவரில் தொங்கும் உலகப்படங்கள் பலவும் மெர்கேட்டர் முறையில் வரையப்பட்டவை. அவற்றில் தீர்க்கரேகைகள் துருவத்தில் ஒன்றுகூடாமல் இணைகோடுகளாகவே மேலே செல்கின்றன. இதனால் வடக்கே உள்ள நிலங்கள் இழுத்து நீட்டப்படுகின்றன. 75.5 பாகை அட்சரேகையில் இந்த நீட்சி ஏறத்தாழ 4 மடங்கு. அதாவது அப்படத்தில் ரெசொலூட்டுக்கும் கிரீஸ் ஃபியோர்டுக்கும் இடையே தெரியும் இடைவெளி, நிலநடுக்கோட்டுப் பகுதியில் சுமார் 1,540 கி.மீ. தொலைவில் உள்ள இரு ஊர்களின் இடைவெளிக்குச் சமமாக இருக்கும். வடபகுதித் தூரங்களை அளவுகோல் வைத்து உலகப்படத்தில் அளக்கக்கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பாதையின் கீழே உள்ள நிலம்

ரெசொலூட்டிலிருந்து புறப்படும் விமானம் கார்ன்வாலிஸ் தீவைக் கடந்து, வெலிங்டன் கால்வாய் எனப்படும் கடற்பகுதியைத் தாண்டி, டெவன் தீவின் மீது பறக்கிறது. சுமார் 55,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள டெவன் தீவு, உலகில் மனிதர் நிலையாக வாழாத தீவுகளுள் மிகப் பெரியது. பாதைக்குச் சற்றுத் தெற்கே, விண்கல் மோதியதால் உண்டான ஹாட்டன் பள்ளம் இருக்கிறது. செவ்வாய்க் கோளின் நிலத்தோற்றத்தை ஒத்திருப்பதால், 1997 முதல் ஆய்வாளர்கள் கோடைக்காலத்தில் இங்கு வந்து செவ்வாய்ப் பயணத்துக்கான ஒத்திகைகளைச் செய்துவருகின்றனர். டெவன் தீவுக்கு அப்பால் ஜோன்ஸ் நீரிணை. அதன் வடகரையில் கிரீஸ் ஃபியோர்டு. 385 கி.மீ. வழியில் அவசரத்துக்கு உதவி கேட்க ஓர் ஊர்கூட இல்லை.

பறக்கும் நேரம்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும். எந்த விமானத்தின் வேகத்தால் வகுப்பது என்பது அடுத்த கேள்வி.

மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் செல்லும் பெரிய ஜெட் விமானம் இத்தூரத்தை அரை மணி நேரத்துக்குள் கடந்துவிடும். ஆனால் அவ்விமானம் கிரீஸ் ஃபியோர்டில் இறங்க இயலாது. ரெசொலூட்டின் ஓடுபாதை ஏறத்தாழ 2,000 மீட்டர் நீளமுள்ள சரளைக்கல் பாதை. கிரீஸ் ஃபியோர்டின் ஓடுபாதையோ சுமார் 500 மீட்டர்தான். அதுவும் சரளைக்கல் பாதையே. மலைக்கும் கடலுக்கும் இடையே உள்ள ஒடுங்கிய நிலத்தில் ஊர் அமைந்திருப்பதால் ஓடுபாதையை நீட்ட எளிதில் இடமில்லை.

எனவே இங்கு பறப்பது 'ட்வின் ஆட்டர்' எனப்படும் சிறிய விமானம். கனடாவின் டி ஹாவிலண்ட் நிறுவனம் வடிவமைத்த இது 1965இல் முதன்முதலாகப் பறந்தது. இரண்டு விசிறி எந்திரங்களும் ஏறத்தாழ 19 பயணிகளுக்கான இடமும் கொண்டது. குறுகிய பாதையில் எழுந்து இறங்குவதே இதன் சிறப்பு. சக்கரத்துக்குப் பதிலாகப் பனிச்சறுக்குக் கட்டைகளைப் பொருத்தியும் இதனை இறக்கலாம். கென் போரெக் ஏர் நிறுவனத்தின் ட்வின் ஆட்டர் விமானங்கள் நெடுங்காலமாக இவ்வழியில் பறந்து வந்துள்ளன.

ட்வின் ஆட்டரின் பயண வேகம் மணிக்குச் சுமார் 270 கி.மீ. ஆகவே 385 ÷ 270 = 1.43 மணி, அதாவது 1 மணி 26 நிமிடம். மேலெழும்பும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதால் சில நிமிடங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதனால்தான் பறக்கும் நேரம் சுமார் ஒன்றரை மணி என்று கூறப்படுகிறது.

காற்றின் பங்கு

எதிர்க்காற்று மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வீசுவதாகக் கொள்வோம். அப்போது தரையைப் பொறுத்த வேகம் 270 – 50 = 220 கி.மீ. நேரம் 1 மணி 45 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து வீசினால் வேகம் 320 கி.மீ. நேரம் 1 மணி 12 நிமிடம்.

போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடலாம் என்று தோன்றும். கூட்டிப் பார்த்தால் அப்படி அமைவதில்லை. காற்றில்லாத நாளில் போய்த் திரும்ப 2 மணி 51 நிமிடம் போதும். காற்றுள்ள நாளில் 2 மணி 57 நிமிடம் ஆகும். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் சிக்கிக்கொள்வதும், பின்காற்றின் உதவி குறைந்த நேரமே கிடைப்பதும் இதற்குக் காரணம். எரிபொருளைக் கணக்கிடும் விமானிக்கு இந்த ஆறு நிமிடம் முக்கியமானது.

கடிகாரம் காட்டும் நேரம்

ரெசொலூட் கனடாவின் மத்திய நேர வலயத்தையும், கிரீஸ் ஃபியோர்டு கிழக்கு நேர வலயத்தையும் பின்பற்றுகின்றன. கிரீஸ் ஃபியோர்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நிற்கும். ரெசொலூட்டில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு ஒன்றரை மணி நேரம் பறப்பவர், கிரீஸ் ஃபியோர்டில் இறங்கும்போது அங்கு மணி 12.30. பிற்பகல் 1 மணிக்குத் திரும்பப் புறப்பட்டால் ரெசொலூட்டில் 1.30 மணிக்கு இறங்குவார். பயண அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்குப் போக இரண்டரை மணி, வர அரை மணி என்று தோன்றும். இரண்டும் ஒரே ஒன்றரை மணிதான்.

திசை அறிவதில் உள்ள சிக்கல்

பெருவட்டப் பாதையில் நேராகச் செல்லும் விமானத்தின் திசைக்கோணம் வழிநெடுக மாறிக்கொண்டே இருக்கும். ரெசொலூட்டிலிருந்து கிளம்பும்போது அது வடக்கிலிருந்து கிழக்காகச் சுமார் 55 பாகை. கிரீஸ் ஃபியோர்டை அடையும்போது சுமார் 66 பாகை. விமானம் எங்கும் திரும்பவில்லை. தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்குவதால், 'வடக்கு' என்று நாம் குறிக்கும் திசைதான் சாய்ந்துகொண்டே போகிறது.

இதனுடன் காந்த ஊசியின் சிக்கலும் சேர்கிறது. காந்த வடதுருவம் ஓரிடத்தில் நிலைத்திருப்பதன்று. 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அதனைக் கனடாவின் பூத்தியா தீபகற்பத்தில் கண்டறிந்தார். 1960கள், 1970களில் அது ரெசொலூட்டுக்கு மேற்கே அடுத்துள்ள பாத்தர்ஸ்ட் தீவில் இருந்தது. பின்னர் வடக்கே நகர்ந்து இப்போது சைபீரியாவை நோக்கிச் செல்கிறது. காந்தத் துருவத்தின் அருகில் புவியின் காந்தவிசை கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கீழ்நோக்கி இருக்கும். கிடைமட்டத்தில் ஊசியை இழுத்துத் திசைகாட்டப் போதிய விசை இராது. அதனால் இப்பகுதியில் ஓடுபாதைகளின் திசையும் விமானப் பாதைகளின் திசையும் காந்த வடக்கைக் கொண்டு குறிக்கப்படுவதில்லை. புவியியல் வடக்கைக் கொண்டே குறிக்கப்படுகின்றன. விமானிகள் சுழல்காட்டிகளையும் செயற்கைக்கோள் வழிகாட்டிகளையும் நம்புகின்றனர்.

ஒரு பாகை பிழையானால் 60 கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 1 கி.மீ. விலகல் ஏற்படும் என்பது விமானிகள் மனத்தில் வைத்திருக்கும் எளிய விதி. 385 கி.மீ. தூரத்தில் ஒரு பாகைப் பிழை ஏறக்குறைய 6.7 கி.மீ. விலகலாக வளரும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 2011 ஆகஸ்ட் 20 அன்று யெல்லோநைஃப் நகரிலிருந்து ரெசொலூட்டுக்கு வந்த போயிங் 737 விமானம், ஓடுபாதைக்குக் கிழக்கே ஏறத்தாழ ஒரு கடல் மைல் தொலைவில் இருந்த குன்றில் மோதியது. விமானத்தில் இருந்த 15 பேரில் 12 பேர் உயிரிழந்தனர். இறங்கும்போது விமானத்தின் திசைகாட்டும் அமைப்பு 17 பாகை பிழையாகக் காட்டியதைக் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணங்களுள் ஒன்றாகக் கண்டறிந்தது.

வானிலையும் இருளும்

நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை இரு ஊர்களிலும் சூரியன் எழுவதில்லை. கோடையில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் மறைவதில்லை. ரெசொலூட்டின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் –16 பாகை செல்சியஸ். பிப்ரவரியில் சராசரியே –30க்குக் கீழே செல்லும். பனிப்புயல், கடல்மூடுபனி, மலையிலிருந்து இறங்கும் பலத்த காற்று ஆகியவற்றால் விமானம் ஒரு நாளோ பல நாளோ புறப்படாமல் போகலாம். அப்போது ஒன்றரை மணி நேரப் பயணத்துக்காக ஒருவர் ஒரு வாரம் காத்திருக்க நேரிடும். கணிப்பான் தரும் நேரம், விமானம் புறப்பட்ட பிறகுதான் தொடங்குகிறது.

மக்கள் வாழ்வில் இத்தூரம்

கிரீஸ் ஃபியோர்டுக்குச் சரக்குக் கப்பல் வருவது கடற்பனி விலகும் கோடையின் பிற்பகுதியில் மட்டுமே. எஞ்சிய காலமெல்லாம் காய்கறி, பால், மருந்து, கடிதம் எல்லாம் விமானத்தில்தான் வரவேண்டும்.

ஊரில் செவிலியர் பணியாற்றும் சிறிய நலநிலையமே உண்டு. நூனவுட்டின் மருத்துவமனை தலைநகரான இக்கலூயிட்டில் உள்ளது. கிரீஸ் ஃபியோர்டிலிருந்து ரெசொலூட்டுக்கு 385 கி.மீ., அங்கிருந்து இக்கலூயிட்டுக்குச் சுமார் 1,575 கி.மீ., ஆக ஏறத்தாழ 1,960 கி.மீ. தொலைவு. இதனால் கருவுற்ற பெண்கள் பிள்ளைப்பேற்றுக்குச் சில வாரங்களுக்கு முன்பே ஊரைவிட்டு விமானமேறுகின்றனர். மகப்பேற்றுக்கு முந்தைய வாரங்களை உற்றாரைப் பிரிந்து வேற்றூரில் கழிப்பது இங்கு வழக்கமாகிவிட்டது.

இரு ஊர்களும் உருவான வரலாறு

இவ்வூர்களில் மக்கள் குடியேறியது தாமாக விரும்பி அன்று. 1953இலும் 1955இலும் கனடிய அரசு, வட கியூபெக்கில் உள்ள இனுக்ஜுவாக் என்னும் ஊரிலிருந்து இனுயிட் குடும்பங்களைக் கப்பலேற்றி, ஏறத்தாழ 2,000 கி.மீ. வடக்கே கொண்டுவந்து இறக்கியது. அவர்களுக்கு உயர்வட வாழ்வைப் பழக்குவதற்காகப் பாண்ட் இன்லெட்டிலிருந்தும் சில குடும்பங்கள் அழைத்துவரப்பட்டன. மொத்தம் ஏறத்தாழ 90 பேர். நல்ல வேட்டை கிடைக்கும், விரும்பாவிட்டால் இரண்டு ஆண்டுகளில் திரும்பலாம் என்று சொல்லப்பட்டது. திரும்ப அழைத்துச் செல்லும் வாக்கு காக்கப்படவில்லை. வடபகுதித் தீவுகளின் மீது கனடாவின் உரிமையை நிலைநாட்டவே இவர்கள் குடியேற்றப்பட்டனர் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலம் இருந்துவந்தது.

அவர்கள் தெற்கில் பழகியிருந்த நிலம் வேறு, விலங்குகள் வேறு. மாதக்கணக்கில் நீளும் இருட்டை அவர்கள் கண்டதே இல்லை. எல்லாரும் ஒரே இடத்தில் இருப்போம் என்று எண்ணி வந்த உறவினர்கள், ஒரு பகுதியினர் ரெசொலூட்டுக்கும் மறு பகுதியினர் கிரீஸ் ஃபியோர்டுப் பகுதிக்குமாகப் பிரிக்கப்பட்டனர். அப்போது கிரீஸ் ஃபியோர்டில் ஓடுபாதை இல்லை. இன்று ஒன்றரை மணி நேரத்தில் கடக்கும் 385 கி.மீ., அண்ணனையும் தம்பியையும், பெற்றோரையும் மக்களையும் ஆண்டுக்கணக்கில் பிரித்து வைத்தது.

1996இல் கனடிய அரசு, பாதிக்கப்பட்டவர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்குமாக ஒரு கோடி கனடிய டாலர் நிதியை ஒதுக்கியது. 2010 ஆகஸ்ட் 18 அன்று அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

அதே 2010இல் இரு ஊர்களிலும் நினைவுச் சின்னங்கள் திறக்கப்பட்டன. கிரீஸ் ஃபியோர்டில் சிற்பி லூட்டி பிஜமினி செதுக்கிய பெண் ஒருத்தி, சிறுவனுடனும் நாயுடனும் நின்று ரெசொலூட் இருக்கும் திசையைப் பார்க்கிறாள். ரெசொலூட்டில் சிமியோனி அமகோவாலிக் செதுக்கிய ஆண் ஒருவன் தனியே நின்று கிரீஸ் ஃபியோர்டு இருக்கும் திசையைப் பார்க்கிறான். பிரிக்கப்பட்ட குடும்பங்களின் ஏக்கத்தை உணர்த்தும் வகையில் அவை இவ்வாறு அமைக்கப்பட்டன. இரண்டு சிலைகளுக்கும் இடையே உள்ள தூரம், மேலே பிதாகரஸ் தேற்றத்தால் நாம் கண்ட அதே 385 கிலோமீட்டர்.